பரண் கட்டுவோர் கேள்விகள்: மரம், கயிறு, ஏணி, பெல்ட்

மக்காச்சோளமும் ராகியும் கதிர் பிடிக்கும் பருவம் வந்தால் காட்டோரக் கிராமங்களிலிருந்து, பயிர்க் காவலுக்கு உயரத்தில் கட்டும் பரண் பற்றிய கேள்விகள் வரத் தொடங்கிவிடும். எந்த மரம், எத்தனை அடி உயரம், எவ்வளவு கனம் தாங்கும் என்றுதான் பெரும்பாலும் கேட்கிறீர்கள். எப்படி ஏறுவது, எப்படி இறங்குவது என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் விழுபவர்களில் நிறையப் பேர் பரணில் உட்கார்ந்திருக்கும்போது விழுவதில்லை. ஏணியிலிருந்து பரணுக்குக் கால் மாற்றும் அந்த ஒரு எட்டில்தான் விழுகிறார்கள். அதனால் கேட்டதற்குப் பதில் சொல்லும்போதே கேட்காததையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் நிலத்தில் வேம்பு, புளி, தைலமரம், முருங்கை, தென்னை இருக்கின்றன. எதில் பரண் கட்டலாம்? பலகையை நேராக மரத்தில் ஆணி அடித்துவிடலாமா? (தாளவாடி)

வேம்பில் கட்டுங்கள். புளியும் வலுவான மரம்தான், ஆனால் வயதான புளிக்கு உள்ளே பொந்து விழுந்திருக்கும். அரிவாளின் பின்பக்கத்தால் அடிமரத்தைச் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் ‘டொம்’ என்று கூடுபோலச் சத்தம் வந்தால் அந்த மரம் வேண்டாம். அடியில் தட்டுத் தட்டாகக் காளான் ஒட்டியிருந்தாலும், உச்சிக் கிளைகள் பட்டுப்போயிருந்தாலும், ஒரு பக்கம் வேரோரம் மண் வெடித்துத் தூக்கியிருந்தாலும் அதே முடிவுதான். தைலமரம் காற்றே இல்லாத நாளில்கூடக் கிளையை உதிர்க்கும். முருங்கை கையால் ஒடித்தாலே ஒடியும். தென்னையில் மட்டையும் காயும் உங்கள் தலையில்தான் விழும். பரண் வரும் உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவு 3 அடிக்குக் குறையக் கூடாது.

ஆணி வேண்டாம். மரம் காற்றில் ஆடும், வருடா வருடம் பருக்கும். இரண்டுமே ஆணியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளும். வெளியே பார்த்தால் தலை தெரியும், உள்ளே பிடிப்பு இருக்காது. ஏறும் படிகளாக மரத்தில் ஆணி அடித்த கட்டைகள்தான் எல்லாவற்றிலும் மோசம். முழு உடல் கனமும் ஒரே கட்டையில், ஒரே ஆணியில் இறங்குகிறது.

சட்டத்தை நல்ல கவட்டையில் உட்கார வைத்து, கீழிருந்து சாய்வாக முட்டுக்கொடுத்துக் கட்டுங்கள். கனத்தை முட்டும் கவட்டையும் தாங்க வேண்டும், கயிறு அது நகராமல் பிடித்தால் போதும். இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டுவதானால் இன்னொரு விஷயம். காற்றில் இரண்டு மரமும் ஒரே திசையில் ஒரே நேரத்தில் ஆடாது. சட்டத்தின் இரண்டு முனைகளையும் இறுக்கிக் கட்டினால் ஏதோ ஒன்று பிளக்கும். ஒரு முனையை இறுக்குங்கள். மறுமுனை ஒரு குறுக்குக்கட்டையின் மேல் நகரும்படி இருக்கட்டும். அது வழுக்கி விழாதபடி இரு பக்கமும் தடுப்பு வைத்துவிடுங்கள்.

போன பெரும்போகத்துக்குப் பாலை மரத்திலை கட்டின பரண் அப்படியே கிடக்குது. நீல நைலோன் கயிறு, பாக்கிறதுக்கு நல்லாத்தான் இருக்கு. இந்த முறையும் அதிலேயே ஏறலாமோ? (வவுனியா)

ஏற வேண்டாம். அந்த நீலக் கயிறு பெரும்பாலும் நைலானே இல்லை, பாலிப்ரொப்பிலீன். வெயில்தான் அதற்கு எமன். ஒரு துண்டை எடுத்து இரண்டு விரலுக்கிடையில் உருட்டிப் பாருங்கள். வெள்ளையாகத் தூள் கொட்டினாலோ, இழைகள் முள்முள்ளாகக் குத்தினாலோ அதன் பலம் போய்விட்டது என்று அர்த்தம். முடிச்சின் உள்பக்கம் நிறம் மங்காமல் இருக்கும், அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். வெயில் பட்ட பக்கம்தான் முதலில் அறும்.

தென்னை நார்க்கயிறு மழையில் ஊறி உள்ளுக்குள் மக்கும். அசல் நைலான் பலமானதுதான், ஆனால் கனம் ஏறினால் நீளும். இன்று இறுக்கிய கட்டு ஒரு வாரத்தில் தளர்ந்திருக்கும். கட்டுக்கம்பி பட்டையை அறுத்து மரத்தையே கொன்றுவிடும். பாலிஸ்டர் கயிறு கிடைத்தால் அதுதான் என் தேர்வு: நீளுவது குறைவு, வெயிலையும் ஓரளவு தாங்கும். எந்தக் கயிறானாலும் ஒரு போகத்துக்கு ஒரு கயிறு. கயிறுக்கும் பட்டைக்கும் நடுவே பழைய சாக்கை மடித்து வையுங்கள்.

என் கணவர் இரவில் பரணில் தூங்கும்போது இடுப்பில் கயிறு கட்டி மரத்தோடு முடிந்துகொள்கிறார். அது போதுமா? (மேட்டுப்பாளையம் பக்கம்)

போதாதம்மா. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இடுப்புக் கயிற்றில் விழுந்தால் முழுக் கனமும் வயிற்றில் இறங்கும். விலா நொறுங்கலாம், மூச்சு முட்டலாம், தலைகீழாகி உருவிக்கொண்டும் போகலாம். தேவை முழு உடல் ஹார்னஸ்: தோள், மார்பு, இரண்டு தொடை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிப்பது. கட்டட வேலைக்காரர்கள் போடும் சேஃப்டி பெல்ட்தான், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். அதில் ஐ.எஸ். 3521 என்ற தர எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெறும் இடுப்புப் பட்டையைக் காட்டினால் வாங்காதீர்கள்.

வாங்கியதோடு முடியவில்லை. அதோடு வரும் கொக்கிக் கயிறு பெரும்பாலும் 6 அடி நீளம் இருக்கும். விழும்போது அதிர்ச்சியைத் தாங்க ஒரு மடிப்புப் பை அவிழும், அது இன்னொரு மூன்றரை அடி. கொக்கி மாட்டும் முதுகு வளையத்துக்குக் கீழே உங்கள் உடல் 5 அடி. கொஞ்சம் இடைவெளியும் சேர்த்தால் கொக்கியை மாட்டிய இடத்துக்குக் கீழே ஏறத்தாழ 18 அடி வேண்டும். 12 அடிப் பரணில் காலடியில் கொக்கியை மாட்டியவர், பெல்ட் போட்டிருந்தும் தரையில்தான் போய் விழுவார். அதனால் கொக்கியைத் தலைக்கு மேலே, அடிமரத்தில் தனியாகக் கட்டிய கயிற்றில் மாட்டுங்கள். உட்கார்ந்தால் கயிறு தொய்வே இல்லாமல் இருக்கும் அளவுக்குக் குறுக்குங்கள். பரணின் சட்டத்தில் மாட்டவே கூடாது. பரணே சரிந்தால் அது உங்களையும் இழுத்துக்கொண்டு போகும்.

தரையிலிருந்தே பாதுகாப்பு வேண்டும் என்றால், பரணுக்கு மேலே ஒரு தடித்த கயிற்றைக் கட்டி அடிமரத்தோரமாகத் தரைவரை விடுங்கள். அதில் அதைவிட மெல்லிய கயிற்று வளையத்தால் புருசிக் முடிச்சுப் போட்டு, ஹார்னஸை அதில் மாட்டுங்கள். 1931-ல் கார்ல் புருசிக் என்ற ஆஸ்திரிய மலையேறி பரப்பிய முடிச்சு இது. கையால் தள்ளினால் நகரும், கனம் விழுந்தால் கவ்விக்கொள்ளும். ஏறும்போது மேலே தள்ளிக்கொண்டே போங்கள், இறங்கும்போது கீழே. எப்போதும் தலைக்கு மேலேயே இருக்கட்டும். முதலில் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் தொங்கிப் பழகுங்கள்.

ஹார்னஸில் தொங்குவதும் ஆபத்துதான். தொடைப் பட்டைகள் அழுத்தி, ரத்தம் காலிலேயே தங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். அதனால் காலை வைத்து நிற்க ஒரு வளையக் கயிற்றைப் பையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். அதை மாட்டி மாறி மாறி மிதித்து நிற்க வேண்டும். விசிலும் போனும் பையில் இல்லாமல் சட்டைப்பையில் இருக்கட்டும். ஒருமுறை விழுந்து பிடித்த ஹார்னஸ், பார்க்க நன்றாக இருந்தாலும் அதோடு சரி. வெட்டித் தூக்கிப் போடுங்கள், வேறு யாரும் எடுத்துப் போடாதபடி.

நீங்களும் காவலுக்கு ஏறுவதாக இருந்தால் சேலைக்கு மேல் ஹார்னஸ் சரியாக உட்காராது. சுடிதாரோ பேண்ட்டோ போட்டுக்கொண்டு ஏறுங்கள்.

எங்கள் பக்கம் யானை வரும். பரணை எத்தனை அடி உயரத்தில் கட்டினால் பயமில்லை? (கூடலூர்)

யானைக்கு எதிராகப் பரணை நம்பாதீர்கள். நல்ல ஆண் யானையின் தோள் உயரமே 9 அடி, தும்பிக்கையைத் தூக்கினால் 15 அடியைத் தாண்டும். முன்னங்காலை மரத்தில் ஊன்றினால் இன்னும் எட்டும். எட்டவே வேண்டாம், நான்கு டன் உடம்பை வைத்துத் தள்ளினால் நடுத்தர மரம் வேரோடு சாயும். கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் மிகப் பருத்த மரத்தில், 20 அடிக்கு மேல் கட்டுங்கள். பலாவில் மட்டும் வேண்டாம். பழம் தேடி வரும் யானை உங்கள் மரத்துக்கே வரும். பரணில் அரிசி, உப்பு, வெல்லம், சாராயம் எதையும் வைக்காதீர்கள், அந்த வாசனைக்குச் சுவரையே உடைத்து வருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

யானை பக்கத்தில் இருக்கும்போது இறங்கி ஓடுவதுதான் உயிரை வாங்கும். மேலேயே இருங்கள். முகத்துக்கு நேரே டார்ச் அடிக்காதீர்கள், கல்லோ தீப்பந்தமோ எறியாதீர்கள். வனத்துறைக்குப் போன் செய்துவிட்டு, அது போய் வெகுநேரம் ஆகும்வரை காத்திருங்கள். முன்னால் போனதற்குப் பின்னால் இன்னொன்று வரும்.

நிலத்தில் மரமே இல்லை. சவுக்குக் கம்பம் நட்டு 10 அடியில் கட்டலாமா? (ஓசூர் அருகே)

தாராளமாகக் கட்டலாம். என்னைக் கேட்டால் மரப்பரணைவிட இதுவே நல்லது, ஏணியும் கைப்பிடியும் ஒழுங்காக அமைக்கலாம். கம்பத்தைக் குறைந்தது 3 அடி ஆழம் புதையுங்கள், அடிப்பகுதிக்குத் தார் பூசுங்கள். பூசினாலும் மண்ணை ஒட்டிய இடத்தில் கறையான் அரிக்கும். வருடம் ஒருமுறை அங்கே கத்தியால் குத்திப் பாருங்கள், சதக்கென்று இறங்கினால் மாற்ற வேண்டும்.

இந்த வகைப் பரண் சாய்வது கனத்தால் அல்ல, ஆட்டத்தால். நான்கு கால் மட்டும் நட்டு மேலே தளம் போட்டால் சதுரம் கோணலாகும். நான்கு பக்கமும் பெருக்கல் குறி போலக் குறுக்குக்கட்டை கொடுத்தால் ஆட்டம் நிற்கும். மூங்கில் சேர்ப்பதானால் மூன்று வருடம் முற்றியதாக இருக்கட்டும், ஆணி அடித்தால் பிளக்கும், துளையிட்டுக் கட்டுங்கள்.

ஏணி 4 அடி உயரத்துக்கு 1 அடி என்ற கணக்கில் சாய வேண்டும். பரண் தளத்துக்கு மேலே 3 அடி நீண்டிருக்க வேண்டும். கால் மாற்றும்போது பிடிக்க வேறு எதுவும் கிடையாது. ஏணியின் தலையைச் சட்டத்தோடு கட்டிவிடுங்கள். ஏறும்போது இரண்டு கையும் காலியாக இருக்கட்டும். டார்ச், தண்ணீர், போர்வை எல்லாவற்றையும் கயிற்றில் கட்டிப் பிறகு மேலே இழுத்துக்கொள்ளுங்கள். தளத்தைச் சுற்றி மூன்றரை அடியில் கைப்பிடி, பாதி உயரத்தில் இன்னொன்று. தூங்குபவர் உருளும் பக்கத்தில் தளத்தை ஒட்டி ஒரு பலகையை நிறுத்துங்கள்.

பரணிலிருந்து காட்டுப்பன்றியைச் சுடலாமா? இல்லாவிட்டால் தீனிக்குள் வெடி மறைத்த அவுட்டுக்காய் வைக்கலாமா? (பெயர், ஊர் வேண்டாம்)

இரண்டும் கூடாது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். 2025-ல் தமிழக அரசு கொண்டுவந்த ஏற்பாட்டிலும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர்தான் சுடலாம். அவுட்டுக்காயில் வாய் சிதறும் பசுவையும் யானையையும் நினைத்துப் பாருங்கள், கை போன மனிதர்களையும். தகரத்தைத் தட்டுங்கள், வெளிச்சம் அடியுங்கள், சத்தம் போடுங்கள். பரணின் வேலை அதுதான்.

அமெரிக்காவில் இருக்கிறேன். உரிமம் எடுத்து நண்பர்களோடு மான் வேட்டைக்குப் போகிறேன். இரண்டு அங்குலப் பலகையில் நானே பரண் கட்டலாமா? (மிச்சிகன்)

முதலில் நிலம் யாருடையது என்று பாருங்கள். பல பொது நிலங்களில் மரத்தில் ஆணியோ திருகோ இறக்கவே கூடாது. சொந்த நிலமானாலும், சோதனை செய்யப்பட்ட ஏணிப் பரணை வாங்குவதையே சொல்வேன். அதோடு ஹார்னஸும் சேர்ந்தே வரும். பலகையில்தான் கட்டுவேன் என்றால் மரத்தைத் தொடாமல் நான்கு காலில் கட்டுங்கள், ஓசூர்க்காரருக்குச் சொன்னது அப்படியே பொருந்தும். பனி உறைந்த காலையில் ஏணிப்படி கண்ணாடியாக வழுக்கும். துப்பாக்கியில் தோட்டா இல்லாமல், வாய் கீழ்நோக்கியபடி, நீங்கள் ஏறி கொக்கி மாட்டிய பிறகே கயிற்றில் இழுத்துக்கொள்ளுங்கள். எந்த மரம், எத்தனை மணிக்கு வருவேன் என்பதை வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.

கொசுவுக்குப் பரணில் மூட்டம் போடலாமா? (தென்காசி)

காய்ந்த மூங்கில், வைக்கோல், தூக்கம் மூன்றும் இருக்கும் இடத்தில் நெருப்பு வேண்டாம். கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள்.

இடி மின்னல் வந்தால் மேலே தகரக் கூரை இருந்தால் போதுமா? (தேன்கனிக்கோட்டை)

போதாது. வயல் நடுவில் உயரமான மரம், அதன் மேல் நீங்கள். மின்னலுக்கும் இடிச்சத்தத்துக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் ஆபத்து நெருங்கிவிட்டது. அதற்கு முன்பே, முதல் உறுமல் கேட்டதும் இறங்கி வீட்டுக்குப் போங்கள். மழையில் நனைந்த ஏணியில் அவசரமாக இறங்கும் நிலைக்கு விடாதீர்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்ப ஏற வேண்டும்.

அறுவடை முடிந்ததும் பரணை அப்படியே விடலாமா? (அந்தியூர்)

தளத்தை விட்டாலும் ஏணியைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். ஊர்ப் பிள்ளைகள் ஏறாமல் இருக்க மாட்டார்கள். கயிறுகளை அறுத்து எடுங்கள், மரத்தைச் சுற்றிய கட்டு எதையும் விட்டுவைக்காதீர்கள். ஹார்னஸை அலசி, நிழலில் காயவைத்து, உரமும் பூச்சிமருந்தும் வைத்திருக்கும் அறையில் இல்லாமல் வேறு இடத்தில் எலிக்கு எட்டாதபடி தொங்கவிடுங்கள்.