ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற அப்பா தூங்குவதில்லை, எரிந்து விழுகிறார். இது போரின் பாதிப்பா? சென்னையில் எங்கே காட்டுவது?

இருக்கலாம். ஆனால் உடனே அந்த முடிவுக்கு வர வேண்டாம். லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், பிரிட்டிஷ் படையினரில் சுமார் 6 சதவீதம் பேருக்குத்தான் பிடிஎஸ்டி, அதாவது போர் போன்ற கடும் அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநலப் பாதிப்பு, இருக்கக்கூடும் என்று தெரிந்தது. ஈராக், ஆப்கானிஸ்தானில் நேரடிச் சண்டைப் பணியில் இருந்து, பிறகு படையை விட்டு வந்தவர்களிடமோ அது 17 சதவீதம். ஆகவே அப்பா எங்கே, என்ன வேலையில் இருந்தார் என்பதைக் கேட்டுவைத்துக் கொள்ளுங்கள், டாக்டருக்கு உதவும்.

போர் முனைக்கே போகாதவருக்கும் சிக்கல் வரலாம். நம் ஜவான்கள் பலர் நாற்பது வயதையொட்டி ஓய்வு பெறுகிறார்கள். ரேங்க், கூட்டாளிகள், நாளின் ஒழுங்கு எல்லாம் ஒரே நாளில் போய்விடும். அப்புறம் வேளச்சேரியில் ஏதோ ஒரு அபார்ட்மெண்ட் வாசலில் செக்யூரிட்டி வேலை! என்னைக் கேட்டால், இதைப் பற்றி நாம் பேசுவதே குறைவு.

அம்மாவையும் கவனியுங்கள். வியட்நாம் போர் வீரர்களின் மனைவியரை ஆராய்ந்தவர்கள், கணவருக்கு பிடிஎஸ்டி இருந்த வீடுகளில் மனைவிக்கும் மன உளைச்சல் அதிகம் என்று கண்டார்கள்.

சரி, எங்கே போவது? ஓய்வூதியம் வாங்குகிறவர் என்றால் 2003-இல் தொடங்கிய, முன்னாள் படையினருக்கான மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ்-இல் சேர்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். அதன் பாலிகிளினிக்கில் காட்டினால், தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு அனுப்புவார்கள். மனைவிக்கும் அதில் சிகிச்சை உண்டு. அப்பா வர மறுத்தால் முதலில் நீங்களே 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.