குளக்கட்டில ஆண்டவரைக் காணுறது பிழையோ?

கேள்வி: நான் ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் போறனான். ஆனா உண்மையச் சொன்னா பிரசங்கம் ஒண்டும் மனசில நிக்கிறேல்ல. விடியப்புறம் குளக்கட்டால நடக்கேக்க, தண்ணியையும் கொக்குகளையும் வெயில் எழும்புறதையும் பாக்கேக்கதான் ஆண்டவர் பக்கத்தில நிக்கிறார் எண்டு தோணுது. போட்டோ எடுத்து ஒரு வசனத்தோட ஸ்டேட்டஸும் போடுவன். செபக்குழுவில இதைச் சொன்னதுக்கு ஒரு அக்கா, இது இயற்கையைக் கும்பிடுறது, விக்கிரக ஆராதனை எண்டு எல்லாருக்கும் முன்னால பேசிப்போட்டா. நான் பிழையான வழியில போறனோ? மனசுக்கு அங்கதான் கிடைக்குது எண்டா கோயிலுக்குப் போகத்தான் வேணுமோ?
(வாசகி, முத்தையன்கட்டு வலதுகரை)

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த அக்கா சொன்னதை முடிச்சுப்போட்டு உங்களிட்ட வாறன், ஏனெண்டா உங்களோட கதைக்கத்தான் எனக்குக் கனக்க இருக்கு.

நீங்கள் செய்யிறது விக்கிரக ஆராதனை இல்லை. திருத்தூதர் பணிகள் 14ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கோ, அக்காவுக்கும் வாசிச்சுக் காட்டுங்கோ. லிஸ்திரா எண்ட ஊரில பவுலும் பர்னபாவும் நிக்கினம், நடக்க ஏலாத ஒரு மனுசன் பவுல் சொன்னவுடன எழும்பி நடக்கிறான், அதைக் கண்ட ஊர்ச்சனம் இவையைத் தெய்வங்கள் எண்டு நினைச்சு காளை மாடுகளையும் மாலையளையும் கொண்டு பலி குடுக்க வந்திட்டுது. அச்சொட்டான விக்கிரக ஆராதனை அதுதான். அந்தச் சனத்துக்கு வேதம் தெரியாது, அதால பவுல் அந்த இடத்தில வேதத்தை விரிக்கேல்ல, மழையைக் காட்டினார். வானத்திலயிருந்து மழையைத் தாறவர், விளைச்சல் காலத்தைத் தாறவர், சாப்பாட்டையும் மனசு நிறையச் சந்தோசத்தையும் தாறவர், அவர் உங்களுக்குச் சாட்சி ஒண்டும் வைக்காம விடேல்ல எண்டார். வானத்தைப் பாத்துப் பாத்துக் காலபோகம் விதைக்கிற எங்கட சனத்துக்கு இதைவிட விளங்கிற பிரசங்கம் வேற இல்லை.

இன்னொண்டு, எங்கட கத்தோலிக்க வேதாகமத்தில சாலமோனின் ஞானம் எண்ட புத்தகம் இருக்கு. அதின்ர 13ஆம் அதிகாரம் நெருப்பையும் காத்தையும் நட்சத்திரங்களையும் தெய்வம் எண்டு நம்பினவையைக் கண்டிக்குது, கண்டிச்சுப்போட்டு, ஆனாலும் அவையில பெரிய குற்றம் இல்லை, கடவுளைத் தேடேக்க வழி தவறியிருக்கலாம் எண்டும் சொல்லுது, பிறகு இவ்வளவு தெரிஞ்சவை இதைப் படைச்சவரைக் காணாமப் போனதென்ன எண்டும் கேக்குது. உண்மையாவே கும்பிட்டவைக்கே வேதம் இவ்வளவு இரக்கம் காட்டேக்க, நன்றி சொல்லிக்கொண்டு நடக்கிற உங்களை எல்லாருக்கும் முன்னால பேசினது சரியில்லை. அக்கா சொன்னதை அதோட விடுங்கோ.

இப்ப உங்கட பக்கம் வாறன்.

நீங்கள் போட்டோ எடுக்கிறது கொக்கு, தண்ணி, வெயில். அதே கட்டில நடக்கேக்க கண்ணில படுற மிச்சமெல்லாம் எங்க போச்சு? இரவோட இரவா யானை உழக்கிவிட்ட வயல் இருக்கும், மருந்தடிக்கிற மெஷினை முதுகில கொழுவிக்கொண்டு வாயில ஒரு துணிகூடக் கட்டாமப் போற ஆள் இருப்பார், கடைசி வயலுக்குத் தண்ணி வந்து சேராம காய்ஞ்சு கிடக்கிற வாய்க்கால் இருக்கும், அங்கயும் ஆண்டவர் நிக்கிறாரோ இல்லையோ? வடிவான இடத்தில மட்டும் அவரைக் கண்டு பழகின ஆக்கள் வடிவில்லாத ஒரு நாள் வரேக்க கையை விரிச்சுக்கொண்டு நிக்கினம், அப்பிடி நிண்டவையை இந்த மண்ணில நான் கனபேரைக் கண்டிருக்கிறன், அதாலதான் இதைக் கொஞ்சம் உறைப்பாச் சொல்லுறன்.

எங்கட தண்ணியையே எடுங்கோ. 2018 மார்கழியில மழை விடாமப் பெய்து இரணைமடு வான்கதவுகள் திறந்து கிளிநொச்சி முல்லைத்தீவு ரெண்டும் வெள்ளத்தில கிடந்தது, சனம் பள்ளிக்கூடங்களுக்க போய் இருந்தது. 2004 மார்கழி 26, நத்தாருக்கு அடுத்தநாள், ஞாயிற்றுக்கிழமை காலமை, முல்லைத்தீவுக் கடல் என்ன செய்தது எண்டு உங்கட வீட்டு ஆக்களைக் கேளுங்கோ. அது கடவுளின்ர கோபம் எண்டு பிறகு பிரசங்கம் பண்ணினவையும் இருக்கினம், அவை லூக்கா 13ஐ மறந்துபோச்சினம், சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப்பற்றி யேசுவே சொன்னவர், அவை மற்றாக்களைவிடக் கூடப் பாவம் செய்தவை எண்டு நினைக்காதேங்கோ எண்டு. சூரியன் எழும்புறதை வைச்சுக் கடவுள் நல்லவர் எண்டு சொன்னா கடல் எழும்பினதை வைச்சு என்ன சொல்லப்போறம்? இந்தக் கேள்விக்கு இயற்கையிட்டப் பதில் இல்லை.

பிரான்ஸில 17ஆம் நூற்றாண்டில லாரன்ஸ் எண்டொரு துறவற சகோதரர் இருந்தவர். முந்திப் படையில இருந்து காயப்பட்டு, காலில குறையோட கார்மேல் மடத்துக்கு வந்து, குசினியில போட்டுவிடப்பட்ட ஆள், குசினி வேலையெண்டா அவருக்கு இயல்பிலயே பிடிக்காது, எண்டாலும் சட்டி பானையளுக்கு நடுவில நிண்டே கடவுளோட கதைக்கப் பழகினவர். (காயப்பட்டுத் திரும்பி வந்து ஒரு கடையிலயோ குசினியிலயோ ஒதுங்கி நிக்கிற ஆக்கள் எங்கட ஊர்வழிய எத்தினை பேர், அவையிட்ட இந்தக் கதையை ஒருத்தரும் சொல்லுறேல்ல எண்டது எனக்குக் கவலை.) அவருக்கு முதன்முதல் மனசு திறந்தது 18 வயசில, மாரிகாலத்தில இலை ஒண்டும் இல்லாம நிண்ட ஒரு மரத்தைக் கண்டு, இன்னும் கொஞ்ச நாளில இதில இலை வரும், பூ வரும், காய் வரும் எண்டு யோசிக்கேக்க. நல்ல விசயம். ஆனா தங்கச்சி, அந்த மரத்தோட எங்கட பனையையும் ஒருக்கா நிப்பாட்டிப் பாருங்கோ. முகமாலை, பளைப் பக்கம் ஷெல் பட்டுத் தலை போன பனையளை நீங்கள் கண்டிருப்பியள். பனைக்கு உச்சியில ஒரே ஒரு குருத்துத்தான், பக்கத்தால கிளை வெடிக்கிற மரமில்லை, அந்தக் குருத்துப் போச்செண்டா எத்தினை மாரி வந்தாலும் துளிர்க்காது.

லாரன்ஸ் கண்ட மரம் ஆறுதல் சொல்லும். மொட்டைப் பனை சொல்லாது. எங்கட வீடுகள்ல நடந்த கனக்க விசயங்கள் மொட்டைப் பனையின்ர பக்கத்தில நிக்கிற விசயங்கள், வசந்தம் வந்து சரியாகிற விசயங்கள் இல்லை. அதால உயிர்ப்பெண்டு நாங்கள் சொல்லுறதை மரம் துளிர்க்கிற கதையோட ஒண்டாக் குழைக்காதேங்கோ. துளிர்க்கிற மரம் தன்ர சக்தியிலயே துளிர்க்குது. கல்லறையில கிடந்தவருக்கு அப்பிடி ஒரு சக்தி மிஞ்சியிருக்கேல்ல, பிதா எழுப்பினார், எழும்பி வந்தவரின்ர கையில ஆணித் துளையும் இருந்தது, தோமையார் அதைத்தான் தொட்டுப் பாக்கக் கேட்டவர்.

யேசு இயற்கையைப் பாத்த விதத்தையும் கொஞ்சம் கவனியுங்கோ. காட்டுப் பூவைக் காட்டின அந்தப் பேர்போன வசனத்தை நீங்களும் கட்டாயம் ஸ்டேட்டஸ் போட்டிருப்பியள், மத்தேயு 6. சாலமோன் கூட அப்பிடி உடுக்கேல்ல எண்டதோட படத்தை முடிச்சுப்போடுவினம் எல்லாரும். அடுத்த வரியில அவர் என்ன சொல்லுறார்? இண்டைக்கு நிண்டு நாளைக்கு அடுப்புக்க போற புல்லு எண்டு சொல்லுறார். விறகு தட்டான ஊரில காய்ஞ்ச புல்லைப் போட்டு ரொட்டி சுட்டவை, அந்த அடுப்புப் புல்லைத்தான் கடவுள் உடுப்பாட்டுறார் எண்டு காட்டினவர். குருவியும் அப்பிடித்தான். அவர் காட்டின குருவி சந்தையில விக்கிற குருவி, ஏழையள் வாங்கித் தின்னுறது. மத்தேயுவில ஒரு காசுக்கு ரெண்டு குருவி, லூக்காவில ரெண்டு காசுக்கு அஞ்சு. கணக்குப் பாருங்கோ, நாலு வாங்கினா ஒண்டு சும்மா வருது. விலையே இல்லாத அந்த அஞ்சாவது குருவியையும் சேத்துத்தான், ஒண்டையும் கடவுள் மறக்கேல்ல எண்டு யேசு சொன்னவர்.

வன்னியில இருந்துகொண்டு இந்த வசனத்தைச் சும்மா தாண்டிப் போக எனக்கு மனம் வாறேல்ல. முள்ளிவாய்க்கால்ல எத்தினை பேர் செத்தவை எண்டு எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒரு கணக்கு இண்டைவரைக்கும் இல்லை. 2017 மாசி 20 இல கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ர தாய்மார் போய்க் குந்தினதும் அந்தப் பிள்ளையளைக் கணக்கில எடுக்கச்சொல்லித்தான். கணக்கில வராத குருவியை எண்ணுற ஒரு கடவுளைத்தான் நாங்கள் நம்புறம் எண்டு சொல்லுறம், அப்பிடியெண்டா குளக்கட்டில பறக்கிற குருவியைக் காணேக்க அந்தத் தாய்மாரின்ர நினைவும் உங்களுக்கு வரவேணும். வராட்டி அது நல்ல காத்து வாங்கின சந்தோசம். அதிலயும் பிழையில்லை, ஆனா அதுக்கு விசுவாசம் எண்டு பேர் வைக்காதேங்கோ.

மன்னார்ப் பக்கம் இருக்கிற மடுமாதா கோயிலை யோசிச்சுப் பாருங்கோ. ஒல்லாந்தர் காலத்தில கத்தோலிக்கரைத் துன்பப்படுத்தேக்க மாந்தைச் சனம் மாதாவின்ர சுருவத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி ஒளிஞ்சது காட்டுக்கதான், காடு தான் அவைக்குக் கோயிலா இருந்தது. இண்டைக்கும் ஆடித் திருவிழாவுக்குப் போற சனம் மரங்களுக்குக் கீழ கொட்டில் போட்டுச் சமைச்சு, அந்த நேரம் பழுக்கிற பாலைப்பழத்தைத் திண்டு, பால் ஒட்டின வாயோடதான் செபமாலை சொல்லுது. மடு மண்ணை எடுத்துக்கொண்டு போய்ப் பாம்புக்கடிக்கு வைக்கிற வழக்கமும் இருக்கு (மண்ணை நம்பிக்கையோட வைச்சிருங்கோ, கடிபட்டா முதல்ல ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கோ, ரெண்டும் ஒண்டுக்கொண்டு எதிரில்லை). அதே காட்டுக்க, 1999 கார்த்திகையில, அடைக்கலம் எண்டு வந்து கோயில் வளவில இருந்த சனத்துக்கு மேல ஷெல் விழுந்தது. பாலைப்பழத்தையும் அந்த ஷெல்லையும் பிரிச்சு வைச்சுக்கொண்டு மடுமாதாவைக் கும்பிட எங்கட சனத்தால ஏலாது. உங்களுக்கும் அது ஏலாம இருக்கோணும் எண்டதுதான் என்ர ஆசை.

வீட்டு வேலையளைப்பற்றி நீங்கள் கேக்கேல்ல, நானாச் சொல்லுறன், ஏனெண்டா குளக்கட்டால வீட்டுக்குள்ள வந்தவுடன செபம் முடிஞ்சுது எண்டு நினைக்கிறியள் போல இருக்கு. மாவில புளிச்சமாவைக் கலந்து வைச்ச மனுசி, ஒரு காசு துலைஞ்சதுக்கு விளக்கைக் கொளுத்தி வீடெல்லாம் கூட்டித் தேடின மனுசி, இவையெல்லாம் யேசு விண்ணரசுக்கும் கடவுளுக்கும் காட்டின உவமையள். உயிர்த்து வந்தவர் கூட, யோவான் 21 இல, விடிய விடிய வலை போட்டுக் களைச்சுக் கரைக்கு வந்தவைக்குக் கரியில நெருப்பு மூட்டி மீன் சுட்டு வைச்சுக்கொண்டு, வாங்கோ சாப்பிடுங்கோ எண்டவர். சாவையே வெண்டு வந்தவர் செய்த வேலை காலமைச் சாப்பாடு. நீங்கள் அஞ்சரைக்குப் பிட்டு அவிக்கிறதும் அந்த வேலை தான், அதுக்கு ஸ்டேட்டஸ் போடத் தேவையில்லை.

கோயிலுக்குப் போகத்தான் வேணுமோ எண்டு கேட்டீங்கள். ஓம், போகத்தான் வேணும். குளம் உங்களுக்குக் கடவுள் பெரியவர் எண்டு சொல்லும். அவர் எங்களுக்காக அடிவாங்கினவர், ஆணி அறையப்பட்டவர் எண்டதை எந்தக் குளமும் சொல்லாது, அதை ஒரு மனுசர் வாயாலதான் கேக்கோணும், உங்களுக்குப் பிடிக்காத ஆக்களுக்குப் பக்கத்தில, அந்த அக்காவுக்குப் பக்கத்திலயும் தான், இருந்து கேக்கோணும். வாற ஞாயிறு அப்பத்தை ஒப்புக்குடுக்கேக்க பாதர் சொல்லுற செபத்தைக் காது குடுத்துக் கேளுங்கோ, நிலத்தின்ர விளைவு, மனுசற்ற உழைப்பின்ர பயன் எண்டு வரும். யானை உழக்கின வயலும் தண்ணி வராத வாய்க்காலும் அதுக்குள்ள இருக்கு, மருந்தடிக்கிறவரின்ர முதுகும் இருக்கு. அவருக்கு வாயில கட்ட ஒரு துணி குடுக்கிறதை உங்கட செபக்குழு ஒரு கிழமை வேலையா எடுத்துச் செய்யலாம்.

பிரசங்கம் மனசில நிக்கிறேல்ல எண்டதை எனக்கு எழுதினமாதிரிப் பாதரிட்டயும் நேர போய்ச் சொல்லுங்கோ. மரியாதையாச் சொல்லுங்கோ, ஆனா சொல்லுங்கோ, அவருக்கு அதை வேற ஆரும் சொல்லமாட்டினம்.