கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் வேண்டாம்

எட்டு மாதக் குழந்தைக்குச் சளி, மாமியார் ஒரு பாலாடை வேப்பெண்ணெய் புகட்டச் சொல்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க, ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது. கைக்குழந்தைகளுக்கு அது வாந்தி, மயக்கம், வலிப்பு என்று போய் மூளையையும் ஈரலையும் தாக்கும். மலேசியாவில் 1980களின் தொடக்கத்தில் இப்படிப் பல குழந்தைகள் பாதிக்கப்பட்டது மருத்துவ இதழிலேயே பதிவாகியிருக்கிறது. ஏற்கெனவே கொடுத்திருந்தால், வாந்தி எடுக்கவைக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், பாட்டிலையும் கொண்டுபோங்கள்.

மாமியாரிடம், வேம்பையே ஒதுக்கவில்லை என்று சொல்லுங்கள். அம்மைக்குப் பின் வேப்பிலை போட்ட தண்ணீரில் குளிப்பாட்டுவது, பெரியவர்கள் வேப்பம்பூ ரசம் சாப்பிடுவது எல்லாம் வேறு கதை. கொட்டையில் ஆட்டிய எண்ணெய்தான் வில்லன்.

சளிக்கு அடிக்கடி தாய்ப்பால் கொடுங்கள், மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு போதும். மூச்சு வாங்கினாலோ பால் குடிக்க மறுத்தாலோ தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.