புது டர்போ காரும் மாமாவின் முப்பது மைலும்

கேள்வி: கொக்குவிலில் வசிக்கிறேன். யாழ் நகரில் வங்கி வேலை. வீட்டிலிருந்து நாலு கிலோமீற்றர். ஜப்பானிலிருந்து வந்த 1,000 சீசீ டர்போ பெற்றோல் கார் ஒன்றைப் புத்தம் புதிதாக வாங்கியிருக்கிறேன். இதுவரை 180 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. ஆயிரம் மைல் ஓடும்வரை முப்பது மைல் வேகத்தைத் தாண்டக்கூடாது என்கிறார் மாமா. காலையில் ஐந்து நிமிடம் எஞ்சினைச் சூடாக்கிய பிறகே எடுக்க வேண்டும் என்கிறார் நண்பர். ஒயில் எப்போது மாற்றுவது, ஒக்டேன் 92 பெற்றோல் போதுமா 95 வேண்டுமா என்பதில் ஆளுக்கொரு கதை. அடுத்த மாதம் கல்யாணம் ஒன்றுக்குக் கொழும்பு போக வேண்டும். இந்தக் காரில் போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம். அந்த 400 கிலோமீற்றர் ஓட்டம் உங்கள் காருக்கு நல்லது. கெடுதல் செய்வது தினமும் வங்கிக்குப் போய்வரும் அந்த நாலு கிலோமீற்றர்தான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் மாமாவின் கணக்கு. அவர் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் காலத்து மனிதராக இருக்க வேண்டும். அந்த எஞ்சின்களுக்கு அவர் சொல்வது சரி. 90களில் பெற்றோல் இல்லாதபோது மண்ணெண்ணெயில் அவற்றை ஓட்டிய ஊர் இது. நானும் அந்த எஞ்சின்களில்தான் தொழில் பழகினேன். அவற்றைப் பொத்திப் பொத்தி ஓட்டியவர்களுக்கு உங்கள் காரையும் அப்படித்தான் ஓட்டச் சொல்லத் தோன்றும்.

புது எஞ்சினின் சிலிண்டர்ச் சுவரை விரலால் தடவினால் வழவழப்பாக இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கீறல்கள் தெரியும். புதிதாகப் பொளிந்த அம்மியை மிக நுண்ணியதாக நினைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் வளையங்கள் அந்தக் கீறல்களின் நுனியைத் தேய்த்துத் தமக்கு இடம் பிடிக்க வேண்டும். வளையத்தைச் சுவரோடு அழுத்துவது உள்ளே எரியும் வாயுவின் அமுக்கம். நத்தை வேகத்திலேயே ஓட்டினால் அந்த அமுக்கம் போதாது. கீறல்களில் ஒயில் கருகிப் படிந்து சுவர் கண்ணாடி போலாகிவிடும். பிறகு அந்த எஞ்சின் ஆயுள் முழுக்க ஒயில் குடிக்கும்.

ஆகவே அளவான சுமை வேண்டும்; அது மாறி மாறி வர வேண்டும். ஐம்பது கிலோமீற்றர் வேகத்துக்குப் போங்கள், எழுபதுக்கு ஏறுங்கள், காலை எடுத்துத் தானாகக் குறைய விடுங்கள். அக்சிலேற்றரை அடிவரை மிதிப்பது மட்டும் வேண்டாம். முதல் 300 கிலோமீற்றருக்குச் சடுதியாகப் பிறேக் போடுவதையும் தவிருங்கள். பிறேக் கட்டைகளும் தட்டும் ஒன்றோடொன்று பழக வேண்டும். மற்றக் கட்டுப்பாடுகளுக்கு, உதாரணமாக, டொயோட்டாவின் கையேடு சொல்லும் தூரம் 1,600 கிலோமீற்றர். கணக்குப் பாருங்கள், அது ஆயிரம் மைல்தான். மாமா தூரத்தில் தவறவில்லை, வேகத்தில்தான் தவறினார்.

காலையில் ஐந்து நிமிடம் நிறுத்திச் சூடாக்குவது யாழ்ப்பாணத்து வெயிலுக்குத் தேவையே இல்லாத வேலை. அரை நிமிடம் போதும். பிறகு மெதுவாக எடுத்து, குளிர் எஞ்சினைக் காட்டும் நீல விளக்கு அணையும்வரை மென்மையாக ஓட்டுங்கள்.

இனி ஒயில். எழுதியதிலேயே முக்கியமானது இதுதான். டர்போ என்பது புகைக்காற்று சுழற்றும் ஒரு சிறு விசிறி. அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு விசிறி எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுகிறது. சிறிய டர்போக்களில் அந்த அச்சு நிமிடத்துக்கு 2,00,000 சுற்றுவரை போகும். ஒருபக்கம் புகைக்காற்றின் சூடு 900 பாகை அளவுக்கு ஏறும். அந்த அச்சைத் தாங்குவது ஒரு மெல்லிய ஒயில் படலம் மட்டுமே.

நீலப் புகை தள்ளிய டர்போ கார் ஒன்று ஒருமுறை என்னிடம் வந்தது. டர்போவுக்கு ஒயில் கொண்டுபோகும் குழாயைக் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தேன், காற்றுப் போகவில்லை. கம்பியால் சுரண்டியபோது கருகிய பனங்கட்டி போலப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அச்சை விரலால் பிடித்து ஆட்டினால் ஆடியது. உரிமையாளர் கவனமில்லாதவர் அல்லர். டர்போ இல்லாத தன் பழைய காருக்குச் செய்தது போலவே 15,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்றியிருக்கிறார், அவ்வளவுதான்.

டர்போ இல்லாத கார்களுக்கு 15,000 கிலோமீற்றர் அல்லது ஒரு வருடம் என்று சொல்லும் டொயோட்டா, ஜப்பானில் பெற்றோல் டர்போவுக்குச் சொல்வது 5,000 கிலோமீற்றர் அல்லது 6 மாதம். கடுமையான பாவனை என்றால் 2,500 கிலோமீற்றர் அல்லது 3 மாதம். அந்தக் கடுமையான பாவனைப் பட்டியலில் மலைப்பாதையும் தூசிப் பாதையும் மட்டும் இல்லை. ஒரு தடவைக்கு 8 கிலோமீற்றருக்குக் குறைவான ஓட்டங்களும் இருக்கின்றன. உங்கள் நாலு கிலோமீற்றர் அதற்குள் வந்து விழுகிறது. எஞ்சின் முழுச் சூடு பிடிக்கும் முன்பே வங்கி வந்துவிடுகிறது; எரியாத பெற்றோலும் நீராவியும் ஒயிலில் தங்கிவிடுகின்றன. மாதம் ஒருமுறை ஒயில் அளவுக் கம்பியை உருவி மணந்து பாருங்கள். பெற்றோல் வாடை தூக்கலாக இருந்தாலோ அளவு கூடியிருந்தாலோ தவணைக்குக் காத்திருக்க வேண்டாம். வாரத்தில் ஒருநாள் பருத்தித்துறைவரை ஒரு ஓட்டம் போய்வந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

கையேடு ஜப்பானிய மொழியில் மட்டும் இருக்கும். கைபேசிக் கமராவால் மொழிபெயர்த்து ஒயில் அட்டவணைப் பக்கத்தை மட்டுமாவது வாசியுங்கள். அங்கே சொன்ன தடிப்பை மாற்றாதீர்கள். நம் வெயிலுக்குத் தடித்த ஒயில் நல்லது என்று கராஜில் யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். போத்தலில் ஏபீஐ எஸ்பீ (API SP) அல்லது அதற்குப் பிந்திய தரம் என்று இருக்க வேண்டும். எஸ்பீ 2020இல் வந்த ஒயில் தரம். சிறிய டர்போ எஞ்சின்களில் குறைந்த சுற்றில் நேரத்துக்கு முன்னரே தீப்பற்றும் கோளாறைத் தடுப்பதற்கான சோதனையும் அதில் உண்டு.

பெற்றோலுக்கு அதிகம் குழம்ப வேண்டாம். மூடியின் உட்புறத்தையும் கையேட்டையும் பாருங்கள். ஜப்பானில் சாதாரணப் பெற்றோலின் குறைந்தபட்ச ஒக்டேன் 89தான். அதற்கென்று செய்த எஞ்சினுக்கு நம் ஒக்டேன் 92 தாராளம். ஐரோப்பியக் காராக இருந்து 95 என்று எழுதியிருந்தால் 95 மட்டுமே. தகர டப்பாவில் சிறுகல் குலுக்குவது போன்ற சத்தம் ஏற்றத்தில் கேட்டால் 95க்கு மாறுங்கள்.

கொழும்புப் பயணத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆனையிறவு தாண்டினால் வீதி கோடு போட்டது போல நீளும்; ஒரே வேகத்தில் காலை வைத்துக்கொண்டு போகத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். குரூஸ் கொன்ட்ரோல் இருந்தால் இந்தப் பயணத்தில் தொடவே வேண்டாம். முறிகண்டிப் பிள்ளையாரிடம் எப்படியும் நிறுத்துவீர்கள். கோயிலுக்கு இரண்டு கிலோமீற்றர் முன்பிருந்தே வேகத்தைத் தணித்துக்கொண்டு வாருங்கள். நிறுத்திய பிறகு அரை நிமிடம் எஞ்சினை ஓட விட்டு அணையுங்கள். ஓடிவந்த சூட்டோடு அணைத்தால் டர்போவுக்குள் நின்றுவிட்ட ஒயில்தான் பனங்கட்டியாகும். கார் நின்றதும் எஞ்சின் தானாக அணையும் வசதி இருந்தால், நீண்ட ஓட்டத்தின்போது அதன் பொத்தானை அமுக்கி நிறுத்தி வையுங்கள். கொக்குவில் ஒழுங்கைக்குள் வந்து நிற்கும்போது இந்தச் சடங்கு எதுவும் வேண்டாம். கடைசி ஒழுங்கையே டர்போவை ஆற்றிவிடும்.

எஞ்சினைக் குளிர வைக்கும் கூலன்ட் குறைந்தால் கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம் சுண்ணக்கல் நிலத்துத் தண்ணீர் கேத்தல் அடியில் என்ன செய்கிறது என்று அடுப்படியில் பாருங்கள்; பல கார்களில் டர்போவைச் சுற்றி ஓடும் நீர்வழி அந்தக் கேத்தலைவிட ஒடுங்கியது. கலந்தே விற்கும் கூலன்டை ஒரு லீற்றர் வாங்கி டிக்கியில் வையுங்கள். செம்மண் ஒழுங்கைகளில் ஓடுகிறவர்கள் எயார் பில்டரைச் சொன்ன தவணைக்கு முன்பே பார்க்க வேண்டும்.

கொழும்பிலிருந்து திரும்பும்போது மீற்றர் 1,000 கிலோமீற்றரைத் தாண்டியிருக்கும். முதல் ஒயிலையும் பில்டரையும் அப்போதே மாற்றிவிடுவது என் வழக்கம். கையேடு அதைக் கேட்பதில்லை. தொழிற்சாலை ஒயிலை முதல் தவணைவரை வடிக்க வேண்டாம் என்று சொல்லும் நிறுவனங்களும் உண்டு, உங்கள் கையேட்டில் அப்படி இருந்தால் அதன்படியே செய்யுங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், உத்தரவாதத்துக்குத் தேவைப்படும். வடித்த ஒயிலை வெயிலில் பிடித்துப் பார்த்தால் மெல்லிய மினுமினுப்புத் தெரியலாம். முதல் ஒயிலில் அது வரும், பயப்பட வேண்டாம். இரண்டாவதிலும் தெரிந்தால் காரை உடனே கராஜுக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.