ஜட்லாண்டில் பிரிட்டிஷ் கப்பல்கள் வெடித்ததற்கு மெல்லிய கவசம்தான் காரணமா?

நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது கேட்டால், கவசத்துக்குக் கால் பங்கு பழிதான் கொடுப்பேன்.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ், ஜெர்மன் கடற்படைகள் மோதிய சண்டை ஜட்லாண்ட். 1916 மே 31 அன்று வட கடலில் நடந்த அந்தச் சண்டையில் இன்டிஃபாட்டிகபிள், குயின் மேரி, இன்வின்சிபிள் என்ற மூன்று பிரிட்டிஷ் பேட்டில்குரூசர்கள் (பெரிய பீரங்கிகளோடு வேகமாக ஓடும் போர்க்கப்பல்கள்) வெடித்து மூழ்கின. 3,300 பேருக்கு மேல் இறந்தார்கள். இன்வின்சிபிளில் ஆயிரத்துக்கும் மேல் இருந்தவர்களில் பிழைத்தது ஆறே பேர். வேகத்துக்காகக் கவசத்தைக் குறைத்துக் கட்டிய கப்பல்கள் இவை. இன்வின்சிபிளின் பக்கவாட்டுக் கவசம் அதிகபட்சம் 6 அங்குலம்தான். அதனால் 'தகடு மெல்லிசு, குண்டு உள்ளே போயிற்று, கதை முடிந்தது' என்று சொல்லிவிடத் தோன்றும்.

சரி, அப்படியென்றால் அதே சண்டையில் இருந்த லயன் என்ற பிரிட்டிஷ் கப்பல் எப்படித் தப்பியது? குயின் மேரிக்கு ஏறக்குறைய உடன்பிறப்பு அது. பீரங்கிக் கோபுரத்தில் இரண்டுக்கும் ஒரே 9 அங்குலக் கவசம். அன்று லயனின் நடுக் கோபுரத்தையும் ஜெர்மன் குண்டு பிளந்தது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் அங்கேயே மாண்டார்கள். சாகும் தறுவாயில் இருந்த மேஜர் பிரான்சிஸ் ஹார்வி, கீழே வெடிமருந்து அறையின் கதவை மூடித் தண்ணீரைத் திறந்துவிடச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, கோபுரத்தில் மிச்சமிருந்த மருந்து மூட்டைகள் பற்றிக்கொண்டன. தீ கொடிமர உயரத்துக்கு எழுந்தது. ஆனாலும் கப்பல் பிழைத்தது. துளைபட்ட கவசத்துக்கு ஒரு கோபுரத்தைப் பறிகொடுக்கலாம். முழுக் கப்பலையும் பறிகொடுக்க வேறொன்று வேண்டும்.

அந்த வேறொன்று, வெடிமருந்தும் அதைக் கையாண்ட விதமும். லயனின் பீரங்கியில் ஒரு குண்டு சுட நான்கு மூட்டை கார்டைட் (குண்டை உந்தித் தள்ளும் வெடிமருந்து) வேண்டும். மூட்டை என்றால் வெறும் பட்டுத்துணிப் பை. சட்டென்று பற்ற வைப்பதற்காக நுனியில் கரிமருந்து வேறு. வேகமாகச் சுட வேண்டும் என்ற வெறியில் வெடிமருந்து அறைக் கதவுகளைத் திறந்தே போட்டார்கள், தேவைக்கு மேல் மூட்டைகளை வெளியே எடுத்து அடுக்கினார்கள். கோபுரத்தில் ஒரு பொறி விழுந்தால் அது கப்பலின் அடிவயிறு வரைக்கும் இறங்கத் திரி தயாராக இருந்தது. லயனில் மட்டும் அலெக்சாண்டர் கிராண்ட் என்ற பீரங்கி அதிகாரி, ஒரு நேரத்தில் ஒரு கதவுதான், அளவுக்கு மேல் மூட்டை வெளியே வரக் கூடாது என்று முன்பே கறாராக மாற்றிவைத்திருந்தார். ஹார்வியின் துணிச்சலைச் சொல்கிறவர்கள் இவரை மறந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

ஜெர்மன்காரர்களுக்கு இந்தப் பாடம் முன்பே கிடைத்துவிட்டது. 1915 ஜனவரியில் டாகர் பேங்க் சண்டையில் சைட்லிட்ஸ் கப்பலின் பின்பக்க இரண்டு கோபுரங்களும் எரிந்து 150 பேருக்கு மேல் கருகினார்கள். ஆனால் கப்பல் வெடிக்கவில்லை. அவர்களுடைய முக்கிய மருந்து பித்தளைக் கூட்டுக்குள் இருந்தது, மருந்தும் கார்டைட்டைவிட நிதானமாக எரிவது. அதற்கப்புறம் பாதுகாப்பை இன்னும் இறுக்கினார்கள். ஜட்லாண்டில் டெர்ஃப்ளிங்கர் என்ற ஜெர்மன் கப்பலின் பின்கோபுரங்கள் இரண்டும் எரிந்தும் அது வீடு திரும்பியது. அதே டாகர் பேங்கிலிருந்து பிரிட்டிஷ் தரப்பு எடுத்துக்கொண்ட பாடமோ, இன்னும் வேகமாகச் சுட வேண்டும் என்பது.

ஜட்லாண்டுக்குப் பிறகு வெடிமருந்து அறைகளுக்கு மேலே கூடுதல் தகடு அடித்தார்கள். தப்பில்லை. ஆனால் கவசத்தை மட்டும் பேசுகிறவர்களிடம் நான் கேட்பது புல்வார்க் பற்றித்தான். 1914 நவம்பரில் இங்கிலாந்தின் ஷியர்னஸ் அருகே சும்மா நங்கூரமிட்டு நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் அது. எதிரி யாரும் பக்கத்தில் இல்லை, ஒரு குண்டும் அதன்மேல் விழவில்லை. 700 பேருக்கு மேல் பலிகொண்டு வெடித்தது. கொதிகலன் அறைச் சுவரை ஒட்டிய நடைவழியில் கார்டைட்டை அடுக்கியிருந்தார்கள் என்று விசாரணையில் தெரிய வந்தது.