கருக்கால ஸ்கிரீனிங்கும் காத்திருக்கும் மனமும்: கேள்வி பதில்

சிங்கப்பூரில் மகப்பேற்றுப் பிரிவில் பல ஆண்டுகள் தாதியாகப் பணியாற்றியவள் என்ற முறையில், கருக்காலப் பரிசோதனைகள் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். ஸ்கிரீனிங் என்பது குழந்தைக்குப் பாதிப்பு இருக்கும் வாய்ப்பைக் கணிக்கும் பரிசோதனை. டௌன் சின்ட்ரோம் என்பது கூடுதலான ஒரு குரோமோசோமால் குழந்தையின் கற்றலையும் வளர்ச்சியையும் பாதிக்கும் பிறவி நிலை. சிகிச்சை பற்றிய முடிவுகளை உங்கள் மருத்துவருடன் பேசியே எடுக்க வேண்டும்.

பொங்கோல் வாசகி, வயது 34: 12வது வாரத்தில் ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். டௌன் சின்ட்ரோம் வாய்ப்பு 200க்கு 1, அது ‘அதிகம்’ என்கிறார்கள். அன்றிலிருந்து தூக்கமே இல்லை. என் குழந்தைக்கு அது இருக்கிறது என்றுதானே பொருள்?

இல்லை, அம்மா. இதே முடிவைப் பெற்ற 200 பெண்களை எடுத்துக்கொண்டால், அவர்களில் 199 பேரின் குழந்தைகளுக்கு டௌன் சின்ட்ரோம் இருக்காது. உங்கள் வயது, குழந்தையின் பிடரியில் உள்ள நீரின் தடிமன், உங்கள் இரத்தத்தில் உள்ள இரண்டு பொருள்களின் அளவு ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிடும் வாய்ப்புதான் அந்த எண். அடுத்த பரிசோதனையைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும் என்பதற்கான அடையாளமாகவே ‘அதிகம்’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். உங்கள் இரத்தத்தில் கலந்திருக்கும் மரபணுத் துணுக்குகளைப் பார்க்கும், என்ஐபிடி எனப்படும் இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். உறுதியான விடை வேண்டுமென்றால் 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியின் திசுவையோ, 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரையோ எடுத்துச் சோதிக்கலாம். கடைசி இரண்டிலும் கருச்சிதைவு அபாயம் சிறிதளவு உண்டு. அனுபவமுள்ள மருத்துவர் செய்யும்போது அது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றையும் சொல்கிறேன். இப்படி ஓர் எண்ணைக் கேட்ட பிறகு, வயிற்றைத் தொட்டுப் பேசுவதையும், குழந்தைக்குத் துணி வாங்குவதையும், உறவினருக்குச் செய்தி சொல்வதையும் நிறுத்திவிட்ட பெண்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். தங்களுக்குப் பாசம் இல்லையோ என்று அவர்கள் குற்ற உணர்வில் வாடுவார்கள். பாசம் இருப்பதனால்தான் மனம் அப்படி ஒதுங்கிக்கொள்கிறது. பின்னர் நல்ல முடிவு வந்தாலும் அச்சம் அன்றே அகன்றுவிடாது. சிலருக்குப் பிரசவம் வரையிலும் அதன் நிழல் இருக்கும். அதை உங்கள் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ் வாசகி, வயது 28: என்ஐபிடி 99 விழுக்காடு துல்லியமானது என்றார்கள். எனக்கு டௌன் சின்ட்ரோம் ‘பாசிட்டிவ்’ என்று வந்துள்ளது. இனி ஐயத்துக்கே இடமில்லையா?

இடமுண்டு. அந்த 99 விழுக்காடு, பாதிப்புள்ள கருக்களில் எத்தனையை இந்தப் பரிசோதனை கண்டுபிடிக்கும் என்பதைக் குறிக்கிறது. ‘பாசிட்டிவ்’ என்று வந்தவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் பாதிப்பு இருக்கும் என்பது வேறு கணக்கு. உங்கள் வயதையொட்டிய பெண்களில் ஏறத்தாழ 1,000க்கு 1 என்ற வாய்ப்பை வைத்துப் பார்த்தால், 10,000 பேரில் 10 கருக்களுக்குப் பாதிப்பு இருக்கும், பரிசோதனை அநேகமாக அத்தனையையும் கண்டுபிடித்துவிடும். ஆனால் 1,000க்கு 1 என்ற அளவில் தவறான எச்சரிக்கையும் வருவதால், பாதிப்பே இல்லாத இன்னும் 10 பேருக்கும் ‘பாசிட்டிவ்’ வரும். ஆக, பாதிக்குப் பாதி. 40 வயதில் வாய்ப்பு 100க்கு 1 என்பதால், அதே முடிவு உண்மையாக இருக்கும் சாத்தியம் மிகவும் கூடுகிறது. மேலும், இந்தப் பரிசோதனை பார்க்கும் மரபணுத் துணுக்குகள் பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வருபவை. நஞ்சுக்கொடியின் மரபணுவும் குழந்தையின் மரபணுவும் எப்போதும் ஒத்திருப்பதில்லை. ஆகவே பனிக்குட நீரைச் சோதித்து உறுதிசெய்யும் முன் எந்தப் பெரிய முடிவையும் எடுக்காதீர்கள்.

தெம்பனிஸ் வாசகி: “நல்லதையே நினை, இந்தச் சோதனையெல்லாம் எதற்கு?” என்கிறார் மாமியார். கணவரோ கட்டாயம் செய்ய வேண்டும் என்கிறார். நான் நடுவில் நிற்கிறேன்.

இந்தப் பரிசோதனை கட்டாயமில்லை. செய்துகொள்வதும் மறுப்பதும் உங்கள் உரிமை. முடிவு தெரிந்தால் என்ன செய்வேன் என்று இரத்தம் கொடுப்பதற்கு முன்பே உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். எது வந்தாலும் குழந்தையைப் பெற்றெடுப்பேன் என்ற உறுதியுடன், ஆயத்தமாவதற்காக மட்டும் பரிசோதித்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. டௌன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயக் குறைபாடு இருப்பதால் அந்த ஆயத்தம் பயனுள்ளது. முன்கூட்டித் தெரிந்தால் நிம்மதி போய்விடும் என்று மறுப்பவர்களும் உண்டு. அதுவும் தெளிந்த முடிவே. ஸ்கிரீனிங்கை மறுத்தாலும் 20வது வாரத்தையொட்டிய ஸ்கேனைச் செய்துகொள்ளலாம். உங்கள் மாமியாரின் காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை, அவருடைய அச்சத்தைப் பகையாக எண்ணாதீர்கள். ஆனால் மருத்துவரைப் பார்க்கும் அறைக்குள் நீங்களும் கணவரும் மட்டும் போனால் போதும்.

ஜூரோங் வாசகி: நாங்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். குழந்தை ஆணா, பெண்ணா என்று இங்கே சொல்வார்களா?

இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. இங்கே பெற்றோர் கேட்டால் சொல்வார்கள். வீட்டில் ஆண் குழந்தைக்கான நெருக்கடி இருந்தால், சொல்ல வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

செங்காங் வாசகர்: முடிவுக்காகக் காத்திருக்கும் என் மனைவி யாரிடமும் பேசுவதில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

“ஒன்றும் ஆகாது” என்று சொல்லாதீர்கள், தம்பி; அது அவர் பேச நினைப்பதையும் அடைத்துவிடும். உங்களுக்கும் பயமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். மருத்துவமனையிலிருந்து வரும் அழைப்பை யார் எடுப்பது, அப்போது இருவரும் எங்கே இருப்பது என்று இப்போதே பேசி வையுங்கள். உறக்கமின்மையும் பசியின்மையும் அழுகையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அது கருக்கால மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவரிடம் தெரிவியுங்கள். 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணையும் அழைக்கலாம்.

பெயரும் ஊரும் குறிப்பிடாத வாசகி: 19வது வாரம். பனிக்குட நீர்ப் பரிசோதனையில் குழந்தைக்குப் பாதிப்பு உறுதியாகிவிட்டது. முடிவெடுக்க எனக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது?

உங்கள் கேள்வியைப் பலமுறை படித்தேன். சிங்கப்பூர்ச் சட்டப்படி 24 வாரம் வரை கருக்கலைப்புக்கு அனுமதி உண்டு; ஆலோசனைக்குப் பிறகு குறைந்தது 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆகவே இன்றே முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை, உங்களை யாரும் விரட்டவும் கூடாது. மரபணு ஆலோசகரைச் சந்திக்கக் கேளுங்கள். டௌன் சின்ட்ரோம் என்றால், அதற்கென இங்கே இயங்கும் சங்கத்தின் வழியாக, அத்தகைய பிள்ளையை வளர்க்கும் பெற்றோரிடம் பேசிப் பார்க்கலாம். தொடர்வதென்று முடிவெடுத்தால், குழந்தையின் இதயத்தைப் பார்க்கும் நிபுணரிடம் இப்போதே அனுப்பச் சொல்லுங்கள். நிறுத்துவதென்று முடிவெடுத்தால், நீங்கள் இழப்பது உங்கள் குழந்தையை. அதற்காகத் துக்கப்பட உங்களுக்கு முழு உரிமை உண்டு. எந்த வழியில் சென்றாலும், மருத்துவமனையின் மருத்துவச் சமூக ஊழியரைச் சந்திக்க வேண்டும் என்று நாளை காலையே தாதியிடம் சொல்லுங்கள்.