20 லட்சத்துக்குள் திருநெல்வேலியில் நல்ல வீடு வாங்க முடியுமா?

புது வீடு கஷ்டம். டவுன், பேட்டை பக்கம் பழைய வளவு வீட்டுக்கு (ஒரே வளாகத்துக்குள் பொது வழியோடு சேர்ந்திருக்கும் வீடுகளில் ஒன்று) வாய்ப்பு உண்டு. ஆனால் பொதுச்சுவர், நடை, கிணறு ஆகியவற்றில் யாருக்கு எவ்வளவு பாத்தியம் என்று பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். பாகப்பிரிவினையில் ஒரு அக்காவின் கையெழுத்து விடுபட்டிருந்தாலும் பின்னால் வழக்குதான். சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று 30 வருடத்துக்கு எடுங்கள். பதியாத உயில் அதில் வராது என்பதால் மூலப்பத்திரத்தையும் வாரிசுச் சான்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மர உத்திரம் என்றால் சுவருக்குள் நுழையும் முனையைத் தட்டிப் பார்க்கணும். ஈரம் தங்கி கரையான் அரிப்பது அங்கேதான்.

சிந்துபூந்துறை, ஜங்ஷன் பக்கமா? 2023 டிசம்பர் வெள்ளம் எந்த உயரம் வந்தது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள், விற்பவர் குறைத்துத்தான் சொல்வார்.

முத்திரைத்தீர்வை 7%, பதிவுக்கட்டணம் 2%. 18 லட்ச ரூபாய் வீட்டுக்கு 1.62 லட்சம் தனியாக எடுத்து வையுங்கள்.